ஓ, யூ, ஜி, எச்: ஒரே நாலு எழுத்து ஏன் இத்தனை விதமாக ஒலிக்கிறது?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் 'கடினம்' என்பதற்கான டஃப், 'ஆனாலும்' என்பதற்கான தோ, 'வழியாக' என்பதற்கான த்ரூ, இருமலுக்கான காஃப் ஆகிய நாலு சொற்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் கடைசியில் ஓ, யூ, ஜி, எச்தானே இருக்கு, அப்புறம் ஏன் நாலும் நாலு மாதிரி?" என்று கேட்டிருக்கிறாள். இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை ஒவ்வொன்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா என்பது நீங்கள் கேட்டது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: "இங்கிலீஷ்காரங்களுக்கே இது குழப்பமா இருக்காதா என்று கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை." ஆக, எப்படிப் படிப்பது என்று ஒரு கேள்வி, ஏன் இப்படி ஆனது என்று இன்னொரு கேள்வி. பெரும்பாலும் பள்ளியில் முதலாவதுக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டாவதுக்குப் பதில் தெரிந்த குழந்தைக்கு முதலாவது பாதிச் சுமையாகக் குறைந்துவிடுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் கல்லூரியில் 22 வருடம் ஆங்கில மொழி வரலாறு என்ற தாளை நடத்தியவன். மாலை நேரங்களில் வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஆங்கிலச் சுவடிகளைக் கையில் எடுத்து ஆராய்ந்தவன் இல்லை. அதைச் செய்தவர்கள் எழுதியதைப் படித்து நடத்தியவன்தான். ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது. ஜி, எச் என்ற இரண்டும் சேர்ந்து ஒரு காலத்தில் ஒரு உண்மையான ஒலியைக் குறித்தன, எல்லாரும் அந்த ஒலியைச் சொன்னார்கள். நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடாமல் நெருங்கி நிற்க, அந்தச் சந்தில் காற்று உரசிக்கொண்டு வரும் ஒலி அது. நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. 'பகல்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருவது 'பக்கம்' என்பதில் வரும் வல்லின க் இல்லை. நாக்கு எங்கேயும் போய் ஒட்டாமல் லேசாக உரசிக்கொண்டு போகிறது. அதையே இன்னும் கொஞ்சம் காற்றை விட்டு அழுத்திச் சொன்னால் பழைய இங்கிலாந்துக்காரன் இரவையும் மகளையும் சொல்லும்போது எழுப்பிய ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். 'அஃது' என்பதில் உள்ள ஆய்தத்தைச் சில தமிழாசிரியர்கள் சொல்லிக்காட்டுவார்களே, அதுவும் கிட்டத்தட்ட இந்த இடம்தான்.

ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதிய ஆங்கிலத்தில் இந்த ஒலிக்கு வெறும் எச் போதுமாக இருந்தது. இரவு 'நிஹ்ட்', மகள் 'டோஹ்டர்', நினைத்தான் என்பது 'தோஹ்டெ', வழியாக என்பது 'துர்ஹ்'. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் எழுதிப் பழகியவர்கள் கையில் எழுத்துவேலை போனது. அவர்களுக்கு எச் என்றால் ரொம்ப மெலிசான ஒலி, சில சமயம் ஒலியே இல்லை. அதனால் இந்த உரசலுக்கு வேறு அடையாளம் தேட வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் 3 என்ற எண்ணைப் போலவே இருக்கும் 'யோக்' என்ற எழுத்தைப் போட்டார்கள். கடைசியில் ஜி, எச் என்ற இரட்டையில் போய் நின்றது. யோக் எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்தில் அச்சுக்கோப்பவர்களிடம் அந்த எழுத்தின் அச்சு இல்லாததால், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இசட்டைப் போட்டார்கள். அதனால்தான் 'மென்சீஸ்' என்று எழுதியிருக்கும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் இன்றும் 'மிங்கிஸ்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு ஒலி இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று உங்கள் மகள் கேட்டால், ஜெர்மன் மொழியைக் காட்டுங்கள். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரவுக்கு அங்கே 'நாஹ்ட்', மகளுக்கு 'டோஹ்டர்', சிரிப்பதற்கு 'லாஹென்', எட்டுக்கு 'ஆஹ்ட்'. ஆங்கிலத்தில் ஜிஎச் வாய் மூடிக் கிடக்கும் இடத்தில் எல்லாம் அங்கே அந்த உரசல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இன்னும் பக்கத்துச் சாட்சி ஸ்காட்லாந்து. அங்கே பழைய பேச்சை விடாதவர்கள் இரவை 'நிஹ்ட்' என்றும் மகளை 'டோஹ்டர்' என்றும்தான் சொல்கிறார்கள். ஸ்காட்ஸ் பேசும் ஒருவரின் ஒலிப்பதிவை இணையத்தில் தேடி ஒரு நிமிடம் கேட்கவிடுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள 'சைலன்ட் லெட்டர்' என்பது பிறகு அவளுக்கு வேறு மாதிரித் தெரியும்.

சரி, அந்த ஒலி எங்கே போனது? சுமாராக 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டுக்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது தேய்ந்துவிட்டது. இரண்டு வழியில் தேய்ந்தது. சில சொற்களில் சுத்தமாக மறைந்தது. சில சொற்களில் உதட்டுக்கு நகர்ந்து ஃப் ஆனது. தொண்டைப் பக்கம் இருந்த ஒலி எப்படி உதட்டுக்குப் போகும் என்று ஆங்கிலேய மாணவனுக்கு விளக்குவது கஷ்டம், ஏனென்றால் அவன் காதில் இன்று அப்படி எதுவும் விழுவதில்லை. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'மகன்' என்பது தெருவில் 'மவன்' ஆகிறது. 'போகுது' என்பது 'போவுது' ஆகிறது, 'ஆகாது' என்பது 'ஆவாது' ஆகிறது. நாக்கின் பின்புறத்தில் உரசிக்கொண்டிருந்த க, பிடி தளர்ந்து, உதட்டுக்கு வந்து வ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் நடந்தது அச்சு அசலாக இதே மாற்றம் என்று சொல்ல மாட்டேன், வ-வுக்குப் பதில் காற்று அதிகமாக உள்ள ஃப் வந்தது. ஆனால் வாய் செய்த வேலை இதே இனம்தான். வகுப்பில் நான் 'மகன், மவன்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் 'சிரி' என்பதற்கான லாஃப் என்ற சொல்லை எழுதுவேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இங்கே ஒரு உண்மையான விதி கிடைக்கிறது. உதட்டைக் குவித்துச் சொல்லும் ஓ, ஊ மாதிரி உயிர்களுக்குப் பின்னால் வந்தபோதுதான் இந்த உரசல் ஃப் ஆக முடிந்தது. வாய் ஏற்கெனவே குவிந்திருக்கிறது, அதனால் உதட்டுக்கு நகர்வது எளிது. லாஃப் என்பதிலும் அந்த உரசலுக்கு முன்னால் ஒரு உ ஒலி வளர்ந்திருந்தது, எழுத்தில் உள்ள யூ அதன் மிச்சம். உதடு விரிந்து சொல்லும் இ-க்குப் பின்னால் ஃப் ஆகவே இல்லை, மறைய மட்டும் செய்தது, மறைந்த இடத்தை ஈடுகட்ட உயிர் நீண்டது. அதனால்தான் ஐ, ஜி, எச் வரிசை இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. நைட், லைட், ரைட், ஃபைட், மைட், சைட், ப்ரைட், உயரம் என்ற பொருளில் ஹை, பெருமூச்சு என்ற பொருளில் சை, தொடை என்ற பொருளில் தை, எல்லாமே ஐ. இந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஐ' சொல்லலாம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். முன்னால் ஈ எழுத்தும் சேர்ந்தால்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்: எட்டுக்கான எய்ட், எடைக்கான வெய்ட் ஒரு பக்கம், உயரத்துக்கான ஹைட் இன்னொரு பக்கம்.

குழப்பம் முழுக்க ஓ, யூ வரிசையில்தான். அதற்கு எழுத்து மட்டும் காரணமில்லை, காலமும் காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். இங்கிலாந்தில் அச்சு வந்தது அப்போதுதான். அச்சு வந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைய ஆரம்பித்தது, அதே காலத்தில்தான் இந்த உரசல் தேய்ந்துகொண்டிருந்தது, நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டும் இருந்தன. உறைந்தது பழைய வடிவம். நம்மிடமும் இது உண்டு. 'அரை' என்பதையும் 'அறை' என்பதையும் இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள், ஆனால் எழுத்தில் ர-வும் ற-வும் தனித்தனியாக நிற்கின்றன, தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைகிறது. ஒலி கலந்துவிட்டது, எழுத்து கலக்கவில்லை. ஜிஎச் அதன் இன்னொரு கோடி.

இனி ஊகம் கலந்த பகுதி. ஒரே மாதிரி இருந்த சொற்களில் ஏன் 'கரடுமுரடு' என்பதற்கான ரஃப் ஃப் பக்கம் போனது, 'ஆனாலும்' என்பதற்கான தோ ஏன் போகவில்லை? சொல் சொல்லாக இதற்கு யாரும் திட்டவட்டமான காரணம் காட்டியதில்லை. பரவலாக ஏற்கப்படும் விளக்கம், ஊருக்கு ஊர் ஒலி வேறாக இருந்தது, எல்லா ஊர்க்காரர்களும் லண்டனில் வந்து கலந்தபோது இந்தச் சொல் அந்த ஊர் உச்சரிப்பிலும், அந்தச் சொல் இந்த ஊர் உச்சரிப்பிலும் நிலைத்துவிட்டது என்பதுதான். எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது, ஏனென்றால் கையில் ஒரு தடயம் இருக்கிறது. பிசைந்த மாவுக்கு ஆங்கிலத்தில் டோ, பீட்சா கடையில் சொல்வார்களே அதே சொல். இங்கிலாந்தின் வடக்கே சில இடங்களில் அதையே 'டஃப்' என்றார்கள், அங்கிருந்து துணியில் கட்டி வேகவைக்கும் ஒரு மாவுப் பலகாரத்துக்கு 'டஃப்' என்று பெயர் வந்து, அதை மட்டும் டி, யூ, எஃப், எஃப் என்று எழுதுகிறார்கள். ஒரே சொல், இரண்டு ஊர், ஒன்றில் ஒலி மறைந்தது, இன்னொன்றில் ஃப் ஆனது. 'குள்ளன்' என்பதற்கான ட்வார்ஃப் கூட இப்படி வந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அதன் கடைசியில் இந்த உரசல்தான் இருந்தது, ஜெர்மனில் இன்னும் க் ஒலியோடு முடிகிறது. அதிர்ஷ்டவசமாக அதை எஃப் போட்டு எழுதிவிட்டார்கள், அதனால் யாருக்கும் அது தொந்தரவு தருவதில்லை. 'போதும்' என்பதற்கான இனஃப் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் ஃப் இல்லாத 'இனௌ' என்ற ஜோடியும் புழக்கத்தில் இருந்தது, எண்ணிக்கையைச் சொல்லும்போது அது, அளவைச் சொல்லும்போது இது என்று. ஜோடியில் ஒன்று வழக்கொழிந்துவிட்டது.

ஆய்தத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொண்டைப் பக்கத்து ஒலியாக இருந்த நம் ஃ, இன்று 'ஃபேன்', 'காஃபி' என்று எழுதும்போது எஃப் ஒலிக்கு அடையாளமாகிவிட்டது. ஆங்கிலத்தின் ஜிஎச்சும் தொண்டைப் பக்கம் பிறந்து எஃப் ஒலியில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நாம் செய்தது எழுத்து ஏற்பாடு, அங்கே நடந்தது ஒலி மாற்றம். ஆனாலும் 22 வருடமாக இதை ஒவ்வொரு முறை எழுதிக் காட்டும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம், உரசலே இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்ட ஜிஎச்சுகளும் இருக்கின்றன, இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 'மகிழ்ச்சி' என்பதற்கான டிலைட் பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அதில் இந்த ஒலி என்றைக்குமே இருந்ததில்லை; லைட் என்ற சொல்லைப் பார்த்து அதே மாதிரி எழுதிவிட்டார்கள். 'திமிர்பிடித்த' என்பதற்கான ஹாட்டி, பிரெஞ்சில் உயரம் என்ற சொல்லிலிருந்து வந்தது, அதிலும் இப்படித்தான். விக்கலுக்கான ஹிக்கப் என்பதை, இருமலோடு உறவு என்று நினைத்து, கடைசியில் இருமலுக்கான சொல்லையே சேர்த்து எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. எழுதுவது அப்படி, சொல்வது 'ஹிக்கப்' என்றுதான். பேய்க்கான கோஸ்ட் என்பதில் எச் வந்ததற்குக் காக்ஸ்டனைத்தான் காரணம் சொல்வார்கள். முப்பது வருடம் போல இன்றைய பெல்ஜியம் பக்கம் வாழ்ந்தவர் அவர், அந்த ஊர் மொழியில் அந்தச் சொல்லை ஜி, எச் போட்டு எழுதுவார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ஜிஎச் எப்போதும் வெறும் க ஒலிதான், நம் நாட்டிலிருந்து போன நெய்க்கான 'கீ' உட்பட.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பிரபலமான வேடிக்கையும் உடைந்துவிடும். ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதிவிட்டு, இனஃப் என்பதில் வருகிற மாதிரி ஃப், பெண்கள் என்பதற்கான விமென் என்பதில் ஓ ஒலிப்பது போல இ, நேஷன் என்பதில் டிஐ ஒலிப்பது போல ஷ், ஆகவே இது மீனுக்கான 'ஃபிஷ்' என்பார்கள். பெர்னார்ட் ஷா சொன்னது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஷா பிறந்தது 1856-இல். இந்த வேடிக்கை 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் எந்தச் சொல்லிலும் தொடக்கத்தில் ஜிஎச் ஃப் ஆவதில்லை, கடைசியில் டிஐ ஷ் ஆவதில்லை. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் படித்தால்தான் அது மீன். இடத்தைப் பார்க்கப் பழக்கினால் பாதிக் குழப்பம் போய்விடும் என்று நான் சொல்வதற்கு இதுவே நல்ல உதாரணம்.

இனி எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் என் மாலை வகுப்பில் ஒரு நர்ஸ் இருந்தார், நல்ல அனுபவசாலி. நோயாளி பற்றிய குறிப்பு ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இரவு முழுவதும் இருமினார், காய்ச்சல் இல்லை என்றாலும் தண்ணீர் போதுமான அளவு குடிக்கவில்லை என்ற பொருளில் இரண்டு வரி. இருமலைச் சரியாகக் 'காஃப்' என்றார், தினமும் கேஸ் ஷீட்டில் எழுதுகிற சொல். அடுத்து வந்த த்ரூ என்பதை 'த்ரஃப்' என்றார், 'தோ' என்பதை 'தஃப்' என்றார், இனஃப் சரியாக வந்தது. அவர் தப்புச் செய்யவில்லை, விதி கண்டுபிடித்து அதை எல்லா இடத்திலும் போட்டார். கெட்டிக்காரர்கள் செய்வது இதைத்தான். ஆனால் அவருக்கு யாரோ முன்பு இந்தச் சொற்கள் அத்தனையையும் ஒரே பக்கத்தில் பட்டியலாகக் கொடுத்து, வித்தியாசத்தைக் கவனி என்று சொல்லியிருந்தார்கள். பட்டியலைப் பார்த்தால் வித்தியாசம் மனதில் நிற்காது, ஒற்றுமைதான் நிற்கும். அதனால் முதல் ஆலோசனை, உங்கள் மகள் எழுதி வைத்த அந்த வரிசையை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டும்.

முதலில் எடுக்க வேண்டியது கடைசியில் டி சேர்ந்த குடும்பம், ஏனென்றால் அதுதான் பெரியது, ஒழுங்கானது. ஓ, யூ, ஜி, எச், டி என்று முடிந்தால் 'ஆட்'. வாங்கினான் பாட், கொண்டுவந்தான் ப்ராட், சண்டையிட்டான் ஃபாட், நினைத்தான் தாட், தேடினான் சாட். எல்லாம் இறந்தகாலம் என்பதைக் கவனியுங்கள். திங்க், சீக், ப்ரிங் என்பவற்றில் இருக்கிற க், ங் ஆகியவை அந்தக் காலத்தில் டகர ஒலிக்கு முன் வந்தபோது உரசலாக மாறின, அந்த உரசலைத்தான் ஜிஎச் என்று எழுதினார்கள். 'வேண்டும்' என்ற பொருளில் வரும் 'ஆட்' கூட, 'கடன்பட்டிருக்கிறேன்' என்பதற்கான 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகாலம்தான். வெல்டிங் பட்டறையில் 'ராட் அயர்ன் கேட்' என்பார்கள், பலரும் அதைக் கம்பிக்கான 'ராட்' என்று நினைத்திருக்கிறார்கள். அது வொர்க் என்ற வினையின் பழைய இறந்தகாலம். டபிள்யூ, ஆர் என்று தொடங்கி இதே ஐந்து எழுத்தில் முடியும், அடித்து உருவாக்கிய இரும்பு என்று பொருள். இந்தக் குடும்பத்தில் தினசரிப் புழக்கத்தில் உள்ள ஒரே விதிவிலக்கு வறட்சிக்கான 'ட்ரௌட்'. அது இறந்தகால வினை இல்லை, 'ட்ரை' என்ற சொல்லின் உறவுக்காரர், தப்பி இந்த வரிசையில் நிற்கிறது. ஓ-வுக்குப் பதில் ஏ வந்தாலும் இதே கதைதான், டாட்டர், நாட்டி, டீச்சுக்கான டாட், கேட்ச்சுக்கான காட். அங்கே சிரிப்புக்கான லாஃப்டர் தனியாக நிற்கும், லாஃப் என்ற வினையின் உறவுக்காரர் என்பதால்.

அடுத்த வாரம் ஃப் குடும்பம். ரஃப், டஃப், இனஃப், காஃப், மாட்டுத்தொட்டிக்கான ட்ராஃப். அன்றாட வாழ்க்கைக்கு இந்த ஐந்து போதும், லாஃப் என்பதையும் சேர்த்தால் ஆறு. அப்புறம் தோ, ஆல்தோ, டோ. த்ரூ என்பதைத் தனியாகக் கொடுங்கள், அதற்கு ஜோடியே கிடையாது, த்ரூஅவுட் என்பது அதிலேயே அடங்கியது. கலப்பைக்கான ப்ளௌ, மரக்கிளைக்கான பௌ கடைசியில் வந்தால் போதும், ஆறாம் வகுப்பில் அவசரமில்லை.

'முழுமையான' என்பதற்கான 'தரா' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்கர்கள் 'தரோ' என்பார்கள். பலருக்கும் இது த்ரூ என்பதோடு குழம்பும், குழம்புவதில் ஆச்சரியமே இல்லை, இரண்டும் பிறப்பில் ஒரே சொல். 'துர்ஹ்' என்ற பழைய சொல்லை அழுத்தி இரண்டு அசையாக நீட்டிச் சொன்னபோது ஒன்று பிறந்தது, வேகமாகச் சொன்னபோது எழுத்து இடம் மாறி இன்னொன்று பிறந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊடுருவிப் போவதுதான் முழுமை. இதைச் சொன்ன அன்று அந்த நர்ஸ் நோட்டில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு 'அக்கா, தங்கை' என்று எழுதிக்கொண்டார். அதன்பிறகு அவர் அந்த இரண்டில் தடுமாறி நான் கேட்கவில்லை.

மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், சாதாரணமாக ஒருவர் படிக்கிற, பேசுகிற ஆங்கிலத்தில் இந்த நாலு எழுத்து வரும் சொற்கள் சுமார் 25-தான். அதில் பாதி 'ஆட்' குடும்பத்தில் ஒழுங்காக உட்கார்ந்துவிடுகிறது. மிச்சமுள்ளதற்கு, சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் வாக்கியத்தில் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கண் பழகுவதற்கு முன் காது பழக வேண்டும். தமிழில் 'ழ' எங்கே வரும் என்று நாம் எழுத்துப் பட்டியல் பார்த்துக் கற்றுக்கொண்டோமா என்ன, வீட்டில் கேட்டுத்தான். ஒரு எச்சரிக்கை: இந்த வாரக் கணக்கு பெரியவர்களிடம் எனக்குப் பலன் தந்த வரிசை. குழந்தைகளுக்கு நான் முறையாகப் பாடம் நடத்தியதில்லை, என் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் மட்டும்தான். உங்கள் மகளின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ்காரர்களுக்கே குழப்பமில்லையா என்ற கேள்விக்கு: நிறைய இருக்கிறது, பல முறை சரிசெய்யப் பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதிக்குப் பிறகு கலப்பைக்கான ப்ளௌ பி, எல், ஓ, டபிள்யூ என்று நிலைத்தது, அதை இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார்கள். 1906-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் எளிய எழுத்துக்கூட்டலை அரசு அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார், அதில் த்ரூ என்பது டி, எச், ஆர், யூ. தோ என்பது டி, எச், ஓ. நாடாளுமன்றம் ஏற்கவில்லை, உத்தரவு நிற்கவில்லை. சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை 1934-இல் இன்னொரு முறை முயன்றது, த்ரூவையும் தோவையும் சுருக்கி எழுதுவதை 1975-இல்தான் கைவிட்டது. அமெரிக்காவில் காரிலிருந்தபடி சாப்பாடு வாங்கும் கடைப் பலகைகளில் 'ட்ரைவ் த்ரூ' என்பதை இப்போதும் சுருக்கித்தான் எழுதுகிறார்கள், உங்கள் மகள் அதைப் பார்த்தால் தப்பு என்று நினைக்க வேண்டாம், ஆனால் தேர்வில் எழுத வேண்டாம்.

ஊர்ப் பெயர்களில் அவர்களும் திணறுவார்கள். லண்டனுக்கு மேற்கே உள்ள ஊர் 'ஸ்லௌ', ஆனால் பாம்பு சட்டை உரிப்பதற்கு அதே எழுத்துக்களை வைத்துக்கொண்டு 'ஸ்லஃப்' என்பார்கள். 'லஃப்பரா' என்ற ஊரின் பெயரில் இந்த நாலு எழுத்தும் இரண்டு முறை வருகிறது, முதலில் ஜிஎச் ஃப் ஆக, கடைசியில் ஜிஎச் ஒலியே இல்லாமல். வட அயர்லாந்தில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, அதன் பெயரின் இரண்டு சொற்களும் ஜிஎச்சில் முடியும், 'லாஹ் நே' என்பார்கள். முதல் சொல்லுக்கு ஏரி என்றுதான் பொருள், ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. அந்தப் பழைய உரசலை அந்த ஒரு சொல்லில் அங்கே இன்னும் சொல்கிறார்கள், சொல்ல வராத வெளியூர்க்காரர்கள் 'லாக்' என்கிறார்கள். இவற்றை எல்லாம் அவளுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டாம், அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பெயர்களை அங்கே பிறந்தவர்களும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுத்தான் சொல்கிறார்கள்.